நில அதிர்வுப் படத்தில் தெரிவது பாறையா, அலை செய்த வேலையா?

“எண்ணெய் தேடும் இடத்தில் நில அதிர்வு ஆய்வு முடிந்து, நிலத்தடியின் படமும் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எதற்குக் கணினிக்குள் கற்பனையாக ஒரு நிலத்தடியைக் கட்டி, அதற்குள் கற்பனை அலையை விட்டு, பொய்யாக ஒரு பதிவு எடுக்கிறார்கள்? நிஜப் பதிவு இருக்கும்போது பொய்ப் பதிவால் என்ன லாபம்?” இதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், கையில் இருப்பது நிலத்தடியின் படமே அல்ல. படம் மாதிரி அச்சாகிறது, படம் மாதிரி சுவரில் தொங்குகிறது, அவ்வளவுதான். அது உண்மையில் என்ன என்று பார்த்துவிட்டால், இப்படிக் கணினியில் கட்டிப் பார்க்கும் மாடலிங் எதற்கு என்பது பாதி புரிந்துவிடும்.

தரையில் வேலை என்றால் அதிர்வு லாரியின் கனத்த இரும்புத் தட்டு நிலத்தை அழுத்தி நடுங்க வைக்கிறது. இல்லையென்றால் குழிக்குள் சிறு வெடி வைக்கிறார்கள். கடலில் என்றால் கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கி, அழுத்தி அடைத்த காற்றைத் தண்ணீருக்குள் சட்டென்று திறந்துவிடுகிறது. கிளம்பிய அலை கீழே இறங்குகிறது. பாறை மாறும் ஒவ்வோர் இடத்திலும் அதில் கொஞ்சம் திரும்பி வருகிறது, மிச்சம் இன்னும் கீழே போகிறது. திரும்பி வருவதைத் தரையில் ஜியோபோன்களும் கடலில் ஹைட்ரோபோன்களும் பிடித்து எழுதுகின்றன. எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: எந்த நேரத்தில் எவ்வளவு ஆட்டம். ஆழம் அதில் இல்லை. பாறையின் பெயர் இல்லை. எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்கும்வரை எண்ணி ஆழத்தைக் கணக்கிடுவோம் அல்லவா? அங்கே கல் எந்த வேகத்தில் விழும் என்று நமக்குத் தெரியும், அதனால் கணக்கு நிற்கிறது. நிலத்தடியில் அந்த வேகமே தெரியாது. சேறும் களியுமான இளம் படிவுகளில் அலை செகண்டுக்கு 1,600 மீட்டர் போகும், உப்பில் 4,500, இறுகிய சுண்ணாம்புக்கல்லில் 6,000 வரைக்கும் போகும். படத்தின் கீழ்நோக்கிய அளவுகோலில் இருப்பது பெரும்பாலும் மீட்டர் அல்ல, மில்லி செகண்ட். மேடாகத் தெரிவது நிஜ மேடாக இருக்கலாம். மேலே இருக்கும் பாறை அலையைச் சீக்கிரமாக அனுப்பி வைத்ததால் வந்த தோற்றமாகவும் இருக்கலாம்.

இந்த நிலையில் படத்தைப் பார்த்துக் “கீழே என்ன இருக்கிறது?” என்று கேட்டால் ஒன்பது பேர் ஒன்பது விடை சொல்வார்கள், ஒன்பதும் படத்தோடு ஒத்துப்போகும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறோம்: “கீழே இப்படி இருந்தால் கருவி என்ன எழுதியிருக்கும்?” இதற்கு விடை ஒன்றுதான். பாறைகளின் வடிவம், வேகம், அடர்த்தி மூன்றையும் கொடுத்துவிட்டால் அலை எப்படி நடக்கும் என்பதை இயற்பியல் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். கேள்வி பாறையிலிருந்து பதிவுக்குப் போனால் தெளிவு, பதிவிலிருந்து பாறைக்கு வந்தால் குழப்பம். மாடலிங் என்பது தெளிவான பக்கத்திலிருந்து நடப்பது. நான் நம்பும் கதை உண்மையென்றால் வந்திருக்க வேண்டிய பதிவைக் கணக்கிட்டு, நிஜப் பதிவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் என் கதையில் எங்கோ ஓட்டை. ஒத்துப்போனால்? அப்போதும் கதை நிரூபணம் ஆகிவிடாது. இன்னும் விழவில்லை, அவ்வளவுதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெய்க்காக அலையைக் கீழே அனுப்பும் பழக்கம் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஜெர்மனியின் லுட்கர் மின்ட்ராப் 1919-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1924-இல் அவர் வழியில் டெக்சாஸில் ஓர் உப்புக் குவிமாடம், அதாவது நிலத்தடியில் உப்பு குவிந்து எழுந்த மேடு, கண்டுபிடிக்கப்பட்டது. அது அலை வளைந்து ஓடும் வேகத்தை வைத்துச் செய்தது. திரும்பி வரும் அலையை வைத்துச் செய்யும் இன்றைய முறையை 1921-இல் ஓக்லஹோமாவில் ஜே. கிளாரன்ஸ் கார்ச்சரும் கூட்டாளிகளும் சோதித்தார்கள். கணினியில் மாடல் கட்டும் வழக்கம் இதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது.

சரி, கணக்குக்கு வருவோம். அலை ஏன் திரும்புகிறது? பாறையின் அடர்த்தியை அதில் அலை போகும் வேகத்தால் பெருக்கினால் வருவது இம்பீடன்ஸ். மேல் பாறைக்கும் கீழ்ப் பாறைக்கும் இந்த எண் வித்தியாசப்பட்டால் அலை திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பதற்கு எளிய விதி: வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நேர் செங்குத்தாக இறங்கும் அலைக்கு இது போதும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் சுவாரசியம் தெரியும். மேலே ஷேல், அதாவது களிமண் இறுகிய பாறை: வேகம் செகண்டுக்கு 2,700 மீட்டர், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.35 கிராம், பெருக்கினால் 6,345. கீழே மணற்கல், அதன் நுண்துளைகளில் உப்புத் தண்ணீர்: 2,800 பெருக்கல் 2.20, அதாவது 6,160. வித்தியாசம் 185, கூட்டுத்தொகை 12,505. வகுத்தால் சுமார் 0.015. நூறு பங்கில் ஒன்றரைப் பங்குதான் திரும்புகிறது. இரைச்சலுக்கு நடுவே இதைப் பார்ப்பதே கஷ்டம். இப்போது அதே மணற்கல்லில் தண்ணீரை எடுத்துவிட்டு வாயுவை நிரப்புவோம். வேகம் 2,200-க்கு விழுகிறது, அடர்த்தி 2.00-க்கு இறங்குகிறது; இம்பீடன்ஸ் 4,400. கணக்குப் போட்டால் 0.18. பன்னிரண்டு மடங்கு! ஒரு மணல் துகள்கூட இடம் மாறவில்லை; துளைக்குள் இருக்கும் சரக்கு மாறியதும், கண்ணுக்கே தெரியாத கோடு படத்தில் பளீரென்று எரிகிறது. எண்ணெய் என்றால் இரண்டுக்கும் நடுவில்: 2,650 பெருக்கல் 2.15 என்று வைத்தால் 0.054 கிடைக்கும்.

மூன்று நேரத்திலும் குறி எதிர்மறை, அதாவது அலை தலைகீழாகத் திரும்புகிறது. இந்தக் குறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

துளைக்குள் இருக்கும் திரவத்தை மாற்றினால் பாறையின் வேகம் எவ்வளவு மாறும் என்பதற்கு 1951-இல் காஸ்மன் ஒரு சமன்பாடு கொடுத்தார். இன்றும் அலுவலகங்களில் தினமும் ஓடுவது அதுதான். ஒரு கிணற்றில் தண்ணீர்தான் கிடைத்தது என்றால், அந்தக் கிணற்றின் அளவீடுகளை எடுத்து, கணினியில் தண்ணீரை வடித்துவிட்டு எண்ணெயையோ வாயுவையோ நிரப்பி, பக்கத்துக் கட்டமைப்பில் எண்ணெய் இருந்தால் பதிவு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். காய்ந்த கிணறு என்று கைகழுவிய ஒன்று அடுத்த கிணற்றுக்கு வழிகாட்டுவது இப்படித்தான்.

ஆனால் மேலே சொன்ன எளிய விதியில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அலை ஊசி முனை மாதிரி ஒரு கணத்தில் வந்து போவதில்லை. ஒரு மேடு, இரண்டு பக்கமும் பள்ளம் என்று நீளமான ஒரு துடிப்பாகத்தான் போகிறது. பாறை எல்லை ஒவ்வொன்றும் இந்த முழுத் துடிப்பையும் பிரதி எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. எல்லைகள் நெருக்கமாக இருந்தால் பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலந்துவிடும். படத்தில் தெரியும் ஒரு கோடு ஒரு பாறை எல்லையாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஐந்தாறு எல்லைகளின் கூட்டுக் குரலாகவும் இருக்கும்.

இதை ஆப்பு மாடல் மிக அழகாகக் காட்டும். ஷேலுக்கு நடுவே மணற்கல்லை ஆப்பு வடிவில் வைப்போம்: ஒரு முனையில் தடிமன் சுழியம், மறுமுனையில் 60 மீட்டர். அலையின் வேகம் 3,000 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். தடித்த பக்கத்தில் மணலின் மேற்பரப்புக்கு ஒரு கோடு, அடிப்பரப்புக்கு ஒரு கோடு, இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மெலிந்துகொண்டே வரும்போது இரண்டும் நெருங்கும். அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்குப் பக்கத்தில் வரும்போது கோடு திடீரென்று பிரகாசமாகும். மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் கைகோத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே மெலிந்தால் இரண்டு கோடும் அதற்குமேல் நெருங்காது, வெளிச்சம் மட்டும் மங்கிக்கொண்டே போகும். எட்டு மாடிக் கட்டடம் உயரமுள்ள மணற்படுகையின் தலை எது, கால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. மெல்லிய படுகையை எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதை 1973-இல் விடெஸ் எழுதிய கட்டுரை விளக்கியது. அதன்பிறகு இந்த ஆப்பு மாடலைப் போட்டுப் பார்க்காமல் மணலின் தடிமனைப் பற்றிப் பேசுவது கவனக்குறைவு என்றே சொல்வேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரகாசமாக இருக்கும் இடத்தில்தான் மணல் அதிகம், அங்கே துளையிடலாம் என்று வரைபடத்தில் வட்டம் போடுவது எல்லாருக்கும் கைவரும் தவறு. ஆப்பு மாடல் சொல்வது நேர் எதிர்: பிரகாசம் 25 மீட்டரில் உச்சம், 50 மீட்டர் மணல் அதைவிட மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்து கிணற்றோடு படத்தைப் பொருத்துவது. மாடலிங்கில் மிகச் சின்ன வேலை இது. மிக அதிகமாக உதவுவதும் இதுதான். துளையிட்ட கிணற்றுக்குள் கருவியை இறக்கி, கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டே வேகத்தையும் அடர்த்தியையும் சுமார் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தரம் அளக்கிறார்கள். சோனிக் லாக், அடர்த்தி லாக் என்று பெயர். இரண்டையும் பெருக்கி இம்பீடன்ஸ், அதிலிருந்து ஒவ்வோர் எல்லையிலும் எவ்வளவு திரும்பும் என்ற வரிசை, அந்த வரிசையின்மேல் துடிப்பை ஓட்டினால் செயற்கைப் பதிவு தயார். தொழிலில் இதை சிந்தெடிக் என்பார்கள். கிணறு இருக்கும் இடத்தில் நிஜப் பதிவை எடுத்து இதற்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால், 1,840 மில்லி செகண்டில் தெரியும் கருப்புக் கோடு எந்தப் பாறை என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரைக்கும் சொன்னதெல்லாம் குத்துமதிப்பு.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில், வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு ஆய்வுகளை ஒட்டி ஒரே படமாக்கி வைத்திருந்தார்கள். மணற்படுகையின் மேற்பரப்பை இரண்டு பக்கமும் படத்தில் கருப்பாக அச்சாகும் அலை முகட்டில் குறித்துக்கொண்டு போயிருந்தோம். நடுவில் ஒரு பிளவு: ஒரு பக்கம் மற்றதைவிட 17 மில்லி செகண்ட் இறங்கியிருந்தது. பிளவுக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும் என்று கதைகூடக் கட்டியாயிற்று. ஒருநாள் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பழைய கிணற்றுக்குச் செயற்கைப் பதிவு போட்டோம். கிழக்குப் பக்கத்தில் மணலின் மேற்பரப்பு முகடாக வந்து நிஜப் பதிவோடு கச்சிதமாக உட்கார்ந்தது. மேற்குப் பக்கத்தில் எவ்வளவு இழுத்தாலும் உட்காரவில்லை. தலைகீழாகப் புரட்டிப் போட்டதும் உட்கார்ந்துவிட்டது. பழைய ஆய்வைக் குறி மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். அங்கே மணலின் மேற்பரப்பு பள்ளமாக இருந்திருக்கிறது, நாங்கள் முகட்டைத் தேடிப் போய் அடுத்த அரைச் சுற்றில் உட்கார்ந்திருந்தோம். 30 ஹெர்ட்ஸ் அலையில் அரைச் சுற்று என்பது சுமார் 17 மில்லி செகண்ட். பிளவு என்று நாங்கள் கொண்டாடியது அதுதான்!

அந்தப் “பிளவு” இரண்டு ஆய்வுகளும் சேரும் எல்லையோடு அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடியதை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்ற பழமொழி இந்தத் தொழிலுக்காகவே சொன்ன மாதிரி இருக்கும் சில நாட்களில்.

பொருத்தும்போது ஒரு சபலம் வரும், எச்சரிக்கை. மென்பொருளில் செயற்கைப் பதிவை ரப்பர் மாதிரி இழுக்கவும் அமுக்கவும் வசதி உண்டு. கொஞ்சம் இழுத்தால் இரண்டு கோடு பொருந்தும், இன்னும் கொஞ்சம் இழுத்தால் நான்கு. ஆனால் அப்படி இழுத்ததற்கு அர்த்தம், நடுவில் இருக்கும் பாறையின் வேகத்தை நாம் மாற்றிவிட்டோம் என்பது. இழுத்து முடித்த பிறகு அந்த வேகம் என்ன ஆயிற்று என்று ஒருமுறை பாருங்கள். ஷேலில் 7,000 மீட்டர் வேகம் என்று வந்து நின்றால் அந்தப் பொருத்தத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது ஒரு கிணறு, ஒரு நேர்க்கோடு. நிலத்தடியின் வடிவம் சிக்கலானால் இரண்டு, மூன்று பரிமாண மாடல் தேவைப்படும். உப்பு இருக்கும் இடங்களில் இது இல்லாமல் நகரவே முடியாது. மெக்சிகோ வளைகுடா, பிரேசில் கடல், அங்கோலா கடல் எல்லாம் இப்படிப்பட்டவை. ஒரு சின்னக் கணக்கு: 1,500 மீட்டர் தடிமனுள்ள உப்புக் கட்டி, அதைச் சுற்றிச் செகண்டுக்கு 3,000 மீட்டர் வேகமுள்ள படிவுகள். உப்புக்குக் கீழே தட்டையாக ஒரு படுகை. படிவுகள் வழியாக அந்த 1,500 மீட்டரை அலை போய்த் திரும்ப ஒரு செகண்ட். உப்பு வழியாக 0.67 செகண்ட். உப்புக்கு நேர் கீழே மட்டும் அந்தப் படுகை மூன்றில் ஒரு பங்கு செகண்ட் முந்தித் தெரியும். படிவுகளின் வேகத்தில் இதை ஆழமாக்கினால் 500 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு! எண்ணெய் தேடுகிறவருக்கு மேட்டைக் கண்டால் கை துறுதுறுக்கும். எண்ணெயும் வாயுவும் ஏறி அடைபடும் இடம் மேடுதானே. ஆனால் அங்கே மேடே இல்லை. தட்டையான படுகையை மாடலில் வைத்து, மேலே உப்பை வைத்து, அலையை விட்டுப் பார்த்தால் இந்தப் பொய் மேடு கணினியிலேயே முளைப்பதைப் பார்க்கலாம். முளைத்தது நிஜப் பதிவில் தெரியும் மேட்டுக்குச் சமம் என்றால், நிஜ மேடு என்று எதுவும் மிச்சமில்லை. கொஞ்சம் மிச்சம் நின்றால், அந்த மிச்சத்தைப் பற்றி மேலே பேசலாம்.

குழிவான மடிப்புகள் இன்னொரு வேடிக்கை. ஆழமான குழி ஒன்றின் பதிவு, செயலாக்கம் செய்வதற்கு முன், குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு வளைவுகளாக, வண்ணத்துப்பூச்சியின் இறக்கை மாதிரி வரும். அதற்கு நடுவே இல்லாத ஒரு மேடும் தெரியும். பிளவு முனைகளிலிருந்து அலை குடைபோலச் சிதறும். இவற்றை மாடலில் ஒருமுறை வரவழைத்துப் பார்த்தவரை நிஜப் பதிவு அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

கடலில் இன்னொரு தொல்லை, எதிரொலியின் எதிரொலி. 300 மீட்டர் ஆழக் கடலில் அலை தரைக்குப் போய்த் திரும்ப 0.4 செகண்ட். கடலின் மேற்பரப்பு நல்ல கண்ணாடி போல் அலையைக் கீழே திருப்பிவிடும், அதனால் 0.4 செகண்டுக்கு ஒரு தரம் கடல்தரையின் பேய் உருவம் படத்தில் வந்துகொண்டே இருக்கும், கீழே இருக்கும் நிஜப் படுகையின் மேலேயே வந்து உட்காரும். மாடலில் நிஜத்தில் முடியாத ஒரு காரியம் செய்யலாம்: கடலின் மேற்பரப்பையே நீக்கிவிடலாம். மேற்பரப்போடு ஒரு தரம், மேற்பரப்பு இல்லாமல் ஒரு தரம். முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமல் போன கோடுகள் எல்லாம் பேய்.

கணக்கிடும் வழி இரண்டு வகை. ஒன்று, அலையை ஒளிக்கதிர் மாதிரி பாவித்து, எல்லைகளில் வளைத்து வளைத்து அதன் பாதையை வரைவது. வேகமான வேலை, எந்தப் படுகைக்கு எந்தக் கதிர் போய்த் திரும்பியது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் கூர்மையான மூலைகளிலும், உப்பின் முரட்டு மேற்பரப்பிலும் கதிர் தடுமாறும். இன்னொன்று, நிலத்தடியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, அலைச் சமன்பாட்டை ஒவ்வொரு கட்டத்திலும் நேரத்துக்கு நேரம் தீர்ப்பது. எவ்வளவு வேலை என்று பாருங்கள்: நீளம் 10, அகலம் 10, ஆழம் 5 கிலோமீட்டர், கட்டத்தின் அளவு 10 மீட்டர் என்றால் 50 கோடி கட்டங்கள். கணக்கு நிலைதடுமாறாமல் இருக்க நேரத்தை ஒரு மில்லி செகண்ட் அளவில் நகர்த்த வேண்டும். ஆறு செகண்ட் பதிவுக்கு 6,000 படி. பெருக்கினால் மூன்று லட்சம் கோடி முறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு வெடிக்கு. ஓர் ஆய்வில் ஆயிரக்கணக்கில் வெடிகள். எண்ணெய் நிறுவனங்கள் உலகின் பெரிய கணினிகளை வாங்கிக் குவிப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த முறைகளுக்கெல்லாம் ஒரு பொதுப் பரீட்சைத் தாள் உண்டு. மார்மூசி மாடல் என்று பெயர். பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 1988-இல் அங்கோலாவின் குவான்சா படுகையை மனதில் வைத்துக் கட்டிய இரு பரிமாணக் கற்பனை நிலத்தடி. சரிந்த பிளவுகள், வளைந்த அடுக்குகள், அடியில் ஒரு சின்ன எண்ணெய்த் தேக்கம். விடை எல்லாருக்கும் தெரியும். அந்த விடையை உங்கள் முறை பதிவிலிருந்து மீட்டுக் கொண்டுவருகிறதா என்பதுதான் பரீட்சை. நிஜ நிலத்தடியில் விடைத்தாள் கிடையாது, அதனால்தான் இந்தக் கற்பனை ஊருக்கு இவ்வளவு மரியாதை.

சாய்ந்து இறங்கும் அலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எளிய விதி செங்குத்து அலைக்கு மட்டும். சாய்வாக வரும் அலை எல்லையில் பட்டால் ஒரு பங்கு குறுக்கலையாக, அதாவது பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் அலையாக, மாறிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது கோணத்துக்குக் கோணம் மாறும். இதற்கான சமன்பாடுகள் சோப்ரிட்ஸ் என்பவருடையவை. 1908-இல் அவர் இளவயதிலேயே இறந்துபோனார், கட்டுரை வெளிவந்தது 1919-இல். எண்ணெய்த் தொழிலுக்கு அதன் அருமை தெரிய இன்னும் அறுபது வருடம் ஆயிற்று. 1984-இல் ஆஸ்ட்ராண்டர், வாயு உள்ள மணலில் கோணம் கூடக் கூடத் திரும்பும் அலையின் வலு எப்படி மாறுகிறது என்று காட்டினார். குறுக்கலைக்குத் துளையில் இருக்கும் திரவம் கிட்டத்தட்ட கண்ணில் படுவதே இல்லை, மணல் துகள்களின் பிடிப்பு மட்டும்தான் தெரியும். இதுவரை நாம் பேசிவந்த, பாறையை அமுக்கி நெகிழ்த்திப் போகும் நெட்டலைக்கு இரண்டும் தெரியும். இந்த வித்தியாசம் கோணத்தோடு வெளிவருகிறது. கோணத்துக்குக் கோணம் செயற்கைப் பதிவு போட்டுப் பார்த்தால், பளீரென்று தெரியும் கோடு வாயுவா, இல்லை வேறு ஏதாவதா என்று ஓரளவு பிரிக்கலாம்.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் நிறைந்த துளையில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாயு கலந்தாலே போதும், வேகம் பெரும்பாலும் விழவேண்டிய அளவுக்கு விழுந்துவிடும். வாயு அவ்வளவு மென்மையானது. கலவை முழுவதும் அதன் சொல்படி அமுங்கும். அப்புறம் வாயு எண்பது பங்கு ஆனாலும் வேகம் பெரிதாக மாறாது. ஒன்று சோடா மாதிரி கொஞ்சம் வாயு கலந்த தண்ணீர், மற்றது ஓர் எரிவாயு வயல் நிறைய வாயு. பதிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பளபளப்பு. இதை மாடலில் போட்டுப் பார்த்தவர்கள், “வாயு இருக்கிறது” என்று சொல்வார்கள். “விற்கிற அளவுக்கு வாயு இருக்கிறது” என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் பல கோடி டாலர் வித்தியாசம்.

வடிவம் சரியாகவே இருந்தும் கைவிட்ட கதையும் உண்டு. அலாஸ்காவின் வடக்குக் கடலில் 1983-இல் துளையிட்ட மக்லக் கிணறு. பெரிய மேடு, நல்ல மணல் எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தன. குத்தகைப் பணத்தையும் சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. கிடைத்தது தண்ணீரும், ஒரு காலத்தில் எண்ணெய் இருந்ததற்கான கறையும். எண்ணெய் எப்போதோ வெளியேறிவிட்டிருந்தது. நில அதிர்வு மாடலிங் இங்கே தோற்றது என்று சொல்லமாட்டேன். இன்று கீழே என்ன வடிவம் என்று கேட்டால் அது பதில் சொல்லும். எண்ணெய் எந்த யுகத்தில் வந்தது, எந்த யுகத்தில் கசிந்தது என்பது அதனிடம் கேட்கிற கேள்வியே அல்ல.

நேர் எதிரான ஓர் உதாரணம் வட கடலில் நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயல். அங்கே 1996 முதல் கரியமில வாயுவைக் கடல்தரைக்கு அடியில் உள்ள மணற்படுகைக்குள் செலுத்தினார்கள், தொடக்க வருடங்களில் வருடத்துக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன். எவ்வளவு உள்ளே போயிற்று என்பது தெரியும். எனவே மாடலைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சில வருடங்களுக்கு ஒருமுறை எடுத்த பதிவுகளில் வாயு ஒன்பது மெல்லிய அடுக்குகளாகப் பரவியது தெரிந்தது. அவற்றுக்குக் கீழே இருக்கும் கோடுகள் நேர அளவுகோலில் கீழே தொங்கின, வாயுவில் அலை மெதுவாகப் போவதால். உப்பு மேலே தூக்கிக் காட்டியதற்குத் தலைகீழ். மெல்லிய அடுக்கு என்றால் மேலே சொன்ன ஆப்பு மாடல் இங்கேயும் கையோடு வரும்: பிரகாசத்தை வைத்து வாயுவின் தடிமனைக் கணக்கிட்டார்கள்.

இப்போதெல்லாம் இந்தக் கேள்வி-பதிலைக் கணினியையே நடத்தச் சொல்கிறார்கள். ஒரு மாடலில் தொடங்கி, செயற்கைப் பதிவு எடுத்து, நிஜத்தோடு வித்தியாசம் பார்த்து, அந்த வித்தியாசம் குறையும்படி மாடலை அதுவே திருத்தித் திருத்திப் போகும். டாரன்டோலா 1984-இல் இதன் அடிப்படையை எழுதினார்; கணினிகள் அந்தக் கட்டுரையை எட்டிப் பிடிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதற்கும் என் குழு விழுந்த அதே குழி காத்திருக்கிறது: தொடக்க மாடல் அரைச் சுற்றுக்கு மேல் தள்ளியிருந்தால், கணினி அடுத்த முகட்டைப் பிடித்துக்கொண்டு தவறான நிலத்தடியை நோக்கி நம்பிக்கையோடு நடக்கும். 30 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று சுமார் 17 மில்லி செகண்ட், 4 ஹெர்ட்ஸில் 125. அதனால்தான் தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்குகிறார்கள். தவறு செய்ய இடம் அங்கே அதிகம்.

நீங்களே செய்து பார்க்க வேண்டும் என்றால் பெரிய மூன்று பரிமாண மாடலில் கை வைக்காதீர்கள். ஒரு கிணறு, அதன் சோனிக் லாக், அடர்த்தி லாக் போதும். முதலில் துளையின் சுவர் இடிந்து அகன்ற இடங்களில் அடர்த்தி எண் பொய் சொல்லும், அவற்றைக் களையுங்கள். செயற்கைப் பதிவு போட்டு, இழுக்காமல் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். குறியைப் புரட்டிப் பாருங்கள். தண்ணீரை எடுத்துவிட்டு எண்ணெய், வாயு என்று நிரப்பிப் பாருங்கள். மணலை 60 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை மெலித்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் நம்புகிற கதையை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணெயே இல்லாத ஒரு மாடலைக் கட்டி, நிஜப் பதிவை அதனாலும் வரவழைக்க முடிகிறதா என்று முயலுங்கள். ஒரு நிலக்கரி அடுக்கு போதும் பல நேரங்களில், அடர்த்தி குறைவு, வேகம் குறைவு, வாயு மணலைப் போலவே பளீரென்று தெரியும். அந்த எண்ணெயில்லா மாடலும் பொருந்திவிட்டால், துளையிடும் இடத்தைக் குறிப்பதற்கு முன் இரண்டு மாடலும் எந்தக் கோணத்தில், எந்த அதிர்வெண்ணில் பிரிகின்றன என்று தேடி, அங்கே பதிவைப் போய்ப் பாருங்கள்.